குளிருக்கு முன்னே தெற்கே: படகிலேயே குடியிருந்து வலசை போகும் இருவருக்கு

அக்டோபர் மூன்றாம் வாரம், செசபீக் விரிகுடா. காலையில் காபி டம்ளரோடு மேல்தளத்துக்கு ஏறினால் கயிறெல்லாம் பனியில் நனைந்து விறைத்துக் கிடக்கும். கனடா வாத்துகள் கூட்டம் கூட்டமாகக் கத்திக்கொண்டு தலைக்கு மேல் தெற்கே போகும். அதே நாட்களில் கீழே படகுகளும் கிளம்பத் தொடங்கும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் படகையே வீடாக வைத்திருப்பவர்கள், பெரும்பாலும் கணவன் மனைவியாக இருவர், குளிர் இறுகுவதற்குள் ஃபுளோரிடாவுக்கு வலசை போகிற காலம் அது.

நானும் என் கணவரும் 34 அடி நீளப் பாய்மரப் படகில் நான்கு குளிர்காலம் இப்படிப் போய் வந்திருக்கிறோம். முதல் வருடம் நாங்கள் வேலையைப் பிரித்துக்கொண்ட விதம் இது: அவர் சுக்கான் பிடிப்பார், இன்ஜின் பார்ப்பார், வரைபடம் பார்ப்பார், நான் சமைப்பேன், கயிறு கட்டுவேன். வட கரோலினாவில் ஆல்பமார்ல் சவுண்ட் என்ற அகன்ற நீர்ப்பரப்பைக் கடந்த அன்று வாடைக் காற்று எதிர்பார்த்ததைவிட வலுத்தது. ஆழம் குறைந்த இடம் என்பதால் அலை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. ஒரு மணி நேரத்தில் அவர் வாந்தி எடுத்து எடுத்து எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டார். சுக்கான் என் கைக்கு வந்தது. முன்னால் அலிகேட்டர் ஆற்றின் முகப்பு. இரண்டு பக்கமும் மணல் திட்டு. திரையில் தெரிந்த, வழிகாட்டும் குறிகளில் எதை வலப்பக்கம் விட வேண்டும், எதை இடப்பக்கம் விட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. ரேடியோவில் கூப்பிட்டேன். முன்னால் போன படகுக்காரர் வேகத்தைக் குறைத்து, என் பின்னாலேயே வாருங்கள் என்றார். அவருடைய படகின் அமரத்தில், அதாவது பின்புறத்தில், எழுதியிருந்த பெயரைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்ச் சேர்ந்தேன்.

அதனால் இந்த வழிகாட்டியில் நான் முதலில் சொல்வதும் கடைசியில் சொல்வதும் ஒன்றுதான். இருவர் போகிற படகை, இருவரில் யாராக இருந்தாலும் தனியாக ஓட்டி, நிறுத்தி, நங்கூரம் போடத் தெரிந்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் போகப் போகப் பழகிவிடும்.

வழி

அட்லாண்டிக் இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே என்பது ஆறுகள், உப்பங்கழிகள், வெட்டிய கால்வாய்கள் எல்லாம் சேர்ந்த கரையோர நீர்வழி. வர்ஜீனியாவில் நார்ஃபோக் துறைமுகத்தில் மைல் 0 தொடங்குகிறது. மயாமி ஏறக்குறைய மைல் 1090. கீ வெஸ்ட் 1243. கடலுக்கும் உங்களுக்கும் நடுவில் பெரும்பாலும் ஒரு மணல் தீவு இருக்கும் என்பதால் கடல் அலை உங்களைத் தொடாது. இங்கே கணக்கிடுவது தரை மைலில், அதாவது 1.6 கிலோமீட்டர். உங்கள் படகின் கருவி கடல் மைலில், அதாவது 1.85 கிலோமீட்டரில் காட்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் பாலம் திறக்கும் நேரத்தைத் தவறவிடுவீர்கள்.

சாதாரணப் பாய்மரப் படகு இன்ஜினில் 5, 6 நாட் வேகம், அதாவது மணிக்கு 5, 6 கடல் மைல், போகும். ஒரு நாளுக்கு 40, 50 மைல். வெறும் கணக்குப்படி மயாமிக்கு 22 முதல் 27 நாள். நடப்பில் காற்றுக்காக நிற்பது, பழுது பார்ப்பது, துணி துவைப்பது எல்லாம் சேர்த்து ஆறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒரு வருடம் எட்டு வாரம் ஆனது.

படகு

படகின் அடிப்பாகம் நீருக்குள் இறங்கியிருக்கும் ஆழம் 5 அடிக்குள் இருந்தால் நிம்மதி. 6 அடி என்றால் போகலாம், ஆனால் ஓதக் கணக்கு, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் கணக்கு, பார்க்காமல் போக முடியாது. இந்த வழியின் நிலையான பாலங்கள் 65 அடி உயரம் என்ற கணக்கில் கட்டியவை. வட கரோலினாவில் வில்கர்சன் பாலம் 64 அடிதான். மயாமியின் ஜூலியா டட்டில் பாலம் 56 அடி. அதைவிட உயரமான பாய்மரம் வைத்திருப்பவர்கள் அந்தப் பகுதியை வெளியே கடல் வழியாகத்தான் தாண்ட வேண்டும். பாய்மரத்தின் உயரத்தை அளக்கும்போது உச்சியில் இருக்கும் ஆன்டெனாவையும் சேர்த்து அளங்கள். பல பாலங்களின் தூண் அடியில் அளவுப் பலகை இருக்கும். அந்த நேரத்தில் பாலத்துக்குக் கீழே எத்தனை அடி இருக்கிறது என்பதை அதில் பைனாகுலர் வைத்துப் படித்துவிட்டு நுழையுங்கள்.

இரட்டை உடல் படகு வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நம் கட்டுமரம் என்ற சொல்லே ஆங்கிலத்துக்குப் போய் கேட்டமரன் ஆனது, அதனால் எனக்கும் அதன்மேல் ஒரு பாசம் உண்டு. ஆழம் குறைவு, உள்ளே இடம் அதிகம், அதிகம் ஆடாது. ஆனால் மரீனா என்னும் படகுத்துறையில் நிறுத்தும் வாடகையும் பராமரிப்பும் கூடும். இருவருக்கு 32 முதல் 36 அடி ஒற்றை உடல் படகு தாராளம் என்பது என் எண்ணம்.

உதிரிப் பொருள்களில் கஞ்சத்தனம் வேண்டாம். இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்ப் பம்புக்கு இரண்டு இம்பெல்லர் (உள்ளே சுழலும் ரப்பர் சக்கரம்), பெல்ட், டீசல் ஃபில்டர் அரை டஜன், இன்ஜின் ஆயில். இம்பெல்லர் மாற்றுவதை இருவருமே ஒருமுறை கரையில் கட்டி நிற்கும்போது செய்து பாருங்கள். படகு இழுவைச் சேவையில் உறுப்பினர் ஆகிவிடுங்கள். இந்த வழியில் தரை தட்டுவது அவமானம் இல்லை, எல்லோருக்கும் நடக்கும்.

எப்போது கிளம்புவது

புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. பல காப்பீட்டு நிறுவனங்கள் ஒரு குறிப்பிட்ட தேதிக்கு முன் இன்ன இடத்துக்குத் தெற்கே போகக்கூடாது என்று பாலிசியில் எழுதியிருக்கும். அந்த வரியைக் கிளம்பும் முன் தேடிப் படியுங்கள். நாங்கள் நார்ஃபோக்கை நவம்பர் முதல் வாரத்தில் தாண்டுவோம். அதற்கு முன் புயல் பயம். அதற்குப் பின் குளிர் துரத்தும்.

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அன்றிலிருந்து மாலை 5 மணிக்கே இருட்டிவிடும். காலை ஏழுக்குக் கிளம்பி நாலரைக்குள் நங்கூரம் போட்டுவிட வேண்டும். இந்த வழியில் இரவில் போகாதீர்கள். குறிகள் பலவற்றில் விளக்கு கிடையாது; நண்டுக் கூண்டுகளின் மிதவைக் கயிறு இருட்டில் தெரியாமல் படகின் அடியில் சுழலும் விசிறியில் சுற்றிக்கொள்ளும். அந்தத் தண்ணீரில் இறங்கி அறுப்பது டிசம்பரில் உயிருக்கே ஆபத்து.

பார்க்க வருகிறோம் என்று உறவினர்கள் சொன்னால், ஊரைச் சொல்லுங்கள் அல்லது தேதியைச் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்து வாக்குக் கொடுக்காதீர்கள். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் நன்றிவிருந்து (தாங்ஸ்கிவிங்) நாளுக்கு இருப்போம் என்று என் தம்பிக்குச் சொல்லிவிட்டு, அதற்காகவே போகக்கூடாத ஒரு நாளில் கிளம்பினோம். நான் சொன்ன அந்த ஆல்பமார்ல் நாள் அதுதான்.

கோடையிலேயே மாற்றிப் பழகுங்கள்

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்து ஒரு நாள் அவர், ஒரு நாள் நீங்கள் என்று கேப்டன் பொறுப்பை மாற்றிக்கொள்ளுங்கள். கேப்டன் நாளன்று மற்றவர் வாயைத் திறக்கக்கூடாது, ஆபத்து என்றால் தவிர. இது சொல்லும் அளவுக்குச் சுலபம் இல்லை. என் கணவர் முதல் மூன்று நாள் பற்களைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் நான் பக்கக் காற்றில் படகை டாக் மேடையில் சேர்த்தபோது கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கி, ஒன்றும் சொல்லாமல் கட்டினார். அதன் பிறகு எங்கள் பயணமே மாறிவிட்டது.

ஒருவர் தண்ணீரில் விழுந்தால் மற்றவர் தனியாகத் தூக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். நனைந்த உடையோடு ஒரு ஆளைக் கையால் இழுத்து ஏற்ற முடியாது. பாய் ஏற்றும் கயிற்றையும், கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சையும் வைத்து எப்படித் தூக்குவது என்று வெயில் காலத்தில், மிதவை உடை போட்டு, நிஜமாகவே செய்து பாருங்கள். தண்ணீரிலிருந்தே எட்டி இழுத்து இறக்கக்கூடிய ஏணி கட்டாயம். தனியாக மேலே இருப்பவர் மிதவை உடையும் பாதுகாப்பு வாரும் இல்லாமல் இருக்கக்கூடாது. சுக்கானை விட்டு முன்பக்கம் போகிறார் என்றால் கீழே இருப்பவரை எழுப்பிச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

நார்ஃபோக்கிலிருந்து

கடற்படைக் கப்பல்களைத் தாண்டியதும் வழி இரண்டாகப் பிரியும். ஒன்று கிரேட் பிரிட்ஜ் லாக் வழியாகப் போகும் அகலமான கால்வாய். மற்றது டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய். 1805இல் திறந்தது, 22 மைல் நேர்க்கோடு, அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த மனிதர்கள் இடுப்பளவு சேற்றில் நின்று கையால் வெட்டியது. தப்பி ஓடியவர்கள் அதே சதுப்புக் காட்டுக்குள் ஊராகக் கூடி மறைந்து வாழ்ந்திருக்கிறார்கள். தண்ணீர் தேநீர் நிறத்தில் அசையாமல் கிடக்கும். அந்த அமைதியில் போகும்போது இது யார் வெட்டிய வாய்க்கால் என்ற நினைப்பு வராமல் இருக்காது. ஆழம் குறைவு, மிதக்கும் கட்டைகள் உண்டு, பாசி இன்ஜினின் நீர்வடிகட்டியை அடைக்கும். ஆனாலும் படகின் ஆழம் 5 அடிக்குள் என்றால், கால்வாய் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, இந்த வழியையே எடுங்கள். மறுமுனையில் எலிசபெத் சிட்டியில் படகுகளுக்கு இலவசமாகக் கட்டும் இடம் உண்டு.

லாக் என்றால் இரண்டு கதவுக்கு நடுவே ஒரு தொட்டி. உள்ளே போய்ச் சுவரோரம் நின்று, முன்னும் பின்னும் ஒவ்வொரு கயிறாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் ஏற ஏறக் கயிற்றை இழுத்துக்கொண்டே இருங்கள். இறங்கினால் விட்டுக்கொண்டே இருங்கள். கட்டிப்போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தால் படகு கயிற்றில் தொங்கும்.

ஆல்பமார்லுக்கு என் விதி: காற்று 15 நாட் வேகத்துக்கு மேல் என்றால் எலிசபெத் சிட்டியிலேயே இன்னொரு நாள்.

குறிகளும் பாலங்களும்

தெற்கே போகும்போது சிவப்புக் குறி வலப்பக்கம், பச்சை இடப்பக்கம். ஆனால் கடலிலிருந்து கப்பல் வரும் ஆறுகளில் இது தலைகீழாகும். அங்கே ஒவ்வொரு குறியிலும் ஒட்டியிருக்கும் சிறிய மஞ்சள் அடையாளத்தைத்தான் நம்ப வேண்டும்: மஞ்சள் முக்கோணம் வலப்பக்கம், மஞ்சள் சதுரம் இடப்பக்கம், குறியின் நிறம் எதுவானாலும். கேப் ஃபியர் ஆற்றில் சிவப்புக் குறியில் மஞ்சள் சதுரம் இருக்கும். அதை இடப்பக்கம் விட வேண்டும். அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனது இந்த ஒரு பத்திதான். வரைபடத்தில் ஓடும் ஊதாக் கோடு வழியைக் காட்டுமே தவிர ஆழத்தைக் காட்டாது. மணல் நகர்ந்துகொண்டே இருக்கும். இராணுவப் பொறியாளர் படை வெளியிடும் புது ஆழ அளவைகளை முந்தின இரவே பார்த்துக்கொள்ளுங்கள்.

திறக்கும் பாலங்களுக்கு ரேடியோவில் பேச வேண்டும். வர்ஜீனியா, வட கரோலினாவில் சானல் 13; தென் கரோலினா, ஜார்ஜியா, ஃபுளோரிடாவில் சானல் 9. பாலத்தின் பெயர், உங்கள் படகின் பெயர், தெற்கே போகிறோம், திறக்க முடியுமா என்ற நான்கு விஷயம் போதும். எங்கள் உச்சரிப்பு புரியாதோ என்று முதலில் நான் தயங்கினேன். மெதுவாகப் பேசினால் எல்லோருக்கும் புரிகிறது. தாண்டியதும் நன்றி சொல்லுங்கள். அந்தக் கூண்டில் நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு அது கேட்கும்.

பின்னால் பெரிய மோட்டார் படகு வந்தால் சானல் 16இல் கூப்பிட்டு, மெதுவாகத் தாண்டுகிறேன் என்பார். உடனே நீங்கள் வேகத்தை நன்றாகக் குறைத்துவிட வேண்டும். நீங்கள் 6 நாட் வேகத்தில் போய்க்கொண்டிருந்தால் அவர் 8இல் தாண்டியாக வேண்டும். அந்த அலை உங்கள் அடுப்பிலிருக்கும் குக்கரைத் தூக்கி எறியும். நீங்கள் 3க்கு வந்தால் அவர் 5இல் அலையில்லாமல் போய்விடுவார். போனதும் அவர் பின்னால் திரும்பிச் சேர்ந்துகொள்ளுங்கள்.

கேம்ப் லெஜூன் மரைன் படைத் தளத்தில் சுடும் பயிற்சி நடந்தால் வழியை மூடிவிடுவார்கள், காத்திருக்கத்தான் வேண்டும். மிர்ட்டில் பீச் அருகே பாறை வெட்டிய ஒடுங்கிய பகுதி ஒன்று உண்டு. நுழையும் முன் ரேடியோவில் அறிவித்து, எதிரே பார்ஜ் என்னும் பெரிய சரக்குப் படகு வரவில்லை என்று தெரிந்த பின் நட்டநடுவில் போங்கள். அது முடிந்ததும் வரும் வக்கமா ஆறு இந்த வழியிலேயே எனக்குப் பிடித்த இடம். சைப்ரஸ் மரங்கள் கரிய தண்ணீருக்குள்ளேயே கால் ஊன்றி நிற்கும்.

ஜார்ஜியாவும் ஓதமும்

ஜார்ஜியாவைப் பயந்து பலர் வெளியே கடல் வழியாகத் தாண்டிவிடுகிறார்கள். வேண்டாம். ஊரே இல்லாத புல்வெளிச் சதுப்பு, டால்ஃபின்கள், கம்பர்லாண்ட் தீவில் மேயும் காட்டுக் குதிரைகள். இதையெல்லாம் விட்டுவிட்டு எதற்குப் படகில் போவது?

கற்றுக்கொள்ள வேண்டியது ஓதம். இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் 7 முதல் 9 அடி. தண்ணீர் ஏறுவதற்கு ஆறு மணி நேரம். அந்த ஆறு மணியில் ஒரே சீராக ஏறாது: முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு பங்கு, மூன்றாம், நான்காம் மணியில் மும்மூன்று பங்கு, அப்புறம் இரண்டு, ஒன்று. 8 அடி ஓதம் என்றால் நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் 4 அடி ஏறும். ஹெல் கேட், ஜெக்கில் க்ரீக் போன்ற ஆழம் குறைந்த இடங்களை, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில், பாதிக்கு மேல் ஏறிய பிறகு தாண்டுங்கள். தரை தட்டினாலும் ஏறுகிற தண்ணீர் தூக்கிவிடும். இறங்குகிற தண்ணீரில் தட்டினால் நடு ராத்திரி வரை சாய்ந்து கிடக்க வேண்டியதுதான்.

நங்கூரத்துக்கும் இதே கணக்கு. வற்றத்தில் 8 அடி ஆழத்தில் போடுகிறீர்கள். ஓதம் 8 அடி ஏறும். தண்ணீரிலிருந்து அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், உயரம் 4 அடி. மொத்தம் 20. இதற்கு ஐந்து மடங்கு, 100 அடி சங்கிலி விட வேண்டும். காற்று வரும் என்றால் ஏழு மடங்கு, 140 அடி. நின்ற நேரத்து 8 அடியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டவர்கள்தான் நள்ளிரவில் நகர்ந்து போகிறார்கள். ஓதம் திரும்பும்போது படகும் முழுதாகத் திரும்பும், அதனால் சுற்றிலும் இடம் பாருங்கள்.

போடும்போது ஒருவர் முன்னால், ஒருவர் சுக்கானில். இன்ஜின் சத்தத்தில் கத்தினால் கேட்காது. கேட்காததால் கோபம் வரும். கைச் சைகை வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது: நீட்டிய கை காட்டும் பக்கம் திருப்பு, மூடிய முஷ்டி என்றால் நிறுத்து, கட்டைவிரல் பின்னால் என்றால் ரிவர்ஸ். நங்கூரம் விழுந்து சங்கிலி விட்டபின் ரிவர்ஸில் மெல்ல இழுத்து, சங்கிலிமேல் வெறும் பாதத்தை வையுங்கள். நங்கூரம் பிடித்திருந்தால் சங்கிலி இறுகி அசையாமல் நிற்கும். அடியில் உரசிக்கொண்டு நகர்ந்தால் ஒரு நடுக்கம் பாதத்தில் தெரியும். அப்படியானால் எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். எத்தனை தடவை ஆனாலும் சரி.

உள்ளே வாழ்வது

குளிரைவிட ஈரம்தான் தொல்லை. இருவர் மூச்சும் சமையல் ஆவியும் சேர்ந்து சுவரில் துளிர்த்து, மெத்தைக்கு அடியில் தேங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். மெத்தைக்குக் கீழே காற்றுப் போகும்படி சட்டம் போடுங்கள், எத்தனை குளிரானாலும் ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். டீசல் ஹீட்டர் வாங்கும் காசுக்குக் கார்பன் மோனாக்சைடு அலாரமும் சேர்த்து வாங்குங்கள். அது இல்லாமல் ஹீட்டர் போட்டுத் தூங்கக்கூடாது.

சமையலுக்கு நம் பிரஷர் குக்கர் மாதிரி ஒரு பாத்திரம் படகுக்குக் கிடையாது. கேஸ் மிச்சம், மூடி பூட்டியிருப்பதால் அலையில் கொட்டாது. குளிரில் இட்லி மாவு புளிக்காது என்று கவலைப்பட்டேன். நாள் முழுக்க ஓடிய இன்ஜின் பெட்டியின் மேல், துண்டு சுற்றி மாவுப் பாத்திரத்தை வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். நல்ல தண்ணீர் நாளுக்கு இருவருக்கும் சேர்த்து 6 கேலன் எங்களுக்குப் போதுமாக இருந்தது. கழிவறைத் தொட்டியை மரீனாக்களில் உறிஞ்சி எடுத்துக்கொள்வார்கள். உள்நீரில் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம்.

ஃபுளோரிடாவும் அதற்கு அப்பாலும்

செயின்ட் அகஸ்டின் வந்துவிட்டால் ஸ்வெட்டரைக் கழற்றலாம். மனாட்டி என்னும் கடற்பசுக்கள் குளிர்காலத்தில் வெதுவெதுப்பான நீர் தேடி வரும் பகுதிகளில் வேகக் கட்டுப்பாடு உண்டு, பலகையைப் பார்த்துப் போங்கள். வீரோ பீச்சில் படகு கட்டும் ஒரே மிதவையில் இரண்டு மூன்று படகுகளைச் சேர்த்துக் கட்டச் சொல்வார்கள். பக்கத்துப் படகுக்காரர்கள் அப்படித்தான் நண்பர்கள் ஆகிறார்கள். பலர் அங்கேயே குளிர்காலம் முழுக்கத் தங்கிவிடுகிறார்கள்.

பஹாமாஸ் போக ஆசை என்றால், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அங்கே நுழைவதற்கும் திரும்பி அமெரிக்காவுக்குள் வருவதற்கும் உள்ள விதிகளை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபுளோரிடாவின் லேக் வொர்த்திலிருந்து பஹாமாஸின் வெஸ்ட் எண்டுக்குச் சுமார் 55 கடல் மைல். நடுவில் கல்ஃப் ஸ்ட்ரீம் என்ற கடல் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஆறு மாதிரி ஓடுகிறது. அதற்கு எதிராக வாடை வீசினால் அலை எழும்பிச் சுவராக நிற்கும். குளிர்காலத்தில் சில நாளைக்கு ஒருமுறை ஒரு குளிர்முகம், அதாவது குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு, கடந்துபோகும்: முதலில் தென்மேற்கிலிருந்து காற்று வலுக்கும், சட்டென வடமேற்குக்குத் தாவும், அப்புறம் கடிகாரமுள் போல வடக்கு, வடகிழக்கு, கிழக்கு என்று சுற்றித் தணியும். வாடை முழுதாக ஓய்ந்து, காற்று தென்கிழக்குப் பக்கம் வந்த பிறகும் கடலுக்கு ஒரு நாள் அடங்க நேரம் கொடுங்கள். விடிவதற்கு முன் கிளம்பி வெளிச்சத்தில் போய்ச் சேருங்கள். சுக்கானை மூன்று மூன்று மணி நேரமாக மாற்றிக்கொள்ளுங்கள். முதல் முறை அவர், அடுத்தது நீங்கள், கல்ஃப் ஸ்ட்ரீமின் நடுப்பகுதி யார் முறையில் வந்தாலும் அவரே ஓட்டட்டும்.